மதாம் மஹினுக்கு வயது போன ஞாயிறு

எங்கள் கட்டடத்தில் யார் வீட்டில் என்ன கறி, யார் யாரோடு கோபம், யாருடைய மாமியார் எப்போது வருகிறாள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். நான் ஒன்றும் உளவு பார்ப்பதில்லை. படிக்கட்டு துடைப்பது என் வேலை. கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் கொன்சியேர்ஜ் கிழவிக்கு முழங்கால் பிடித்துக்கொண்ட நாளிலிருந்து ஐந்து மாடிப் படிகளையும் நான்தான் துடைக்கிறேன். ஈரத்துணியோடு குனிந்து நிற்கும் பெண்ணை ஜெனீவாவில் யாரும் ஆளாக எண்ணுவதில்லை. கதவைத் திறந்து வைத்துக்கொண்டே சண்டை பிடிப்பார்கள். எனக்குக் காது இல்லை என்று நினைக்கிறார்களோ, பிரெஞ்சு இல்லை என்று நினைக்கிறார்களோ, எனக்கு இரண்டும் உண்டு. பிரெஞ்சு மட்டும் கொஞ்சம் நொண்டும்.

"இஞ்சரும் தில்லை, உமக்கேன் ஊர்ப்புதினம்?" என்று என் மனுஷன் இராஜசிங்கம் கேட்பார். கேட்ட வாய் மூடுமுன்னே, "சரி, பிறகென்ன நடந்தது?" என்று கேட்பவரும் அவர்தான்.

இது நடந்தது எண்பத்தெட்டாம் ஆண்டு, பங்குனி மாதம்.

இரண்டாம் மாடியில் இடதுபக்கக் கதவு பாரசீகக்காரருடையது. மதாம் மஹினும் அவருடைய தம்பி முசியே ஹோமாயூனும். ஷிராஸ் என்ற ஊர்க்காரர். அங்கே புரட்சி வந்தபோது கிளம்பி வந்தவர்கள். அக்கா அங்கே பெண்கள் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை. தம்பி நீதவான். ஆயுள்தண்டனை எழுதிய அதே கையால் இப்போது ஹோமாயூன் கார் நிறுத்துமிடத்தில் சீட்டுக் கிழித்துக் கொடுக்கிறார். கொடுக்கும்போது ஒவ்வொரு காரோட்டியையும் ஒருமுறை ஏற இறங்கப் பார்ப்பாராம், குற்றவாளியோ நிரபராதியோ என்று.

வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் நகரத்திலுள்ள பாரசீகக்காரர் பாதிப்பேர் அந்த வீட்டில்தான். தேநீர் குடிப்பார்கள். யாராவது ஒரு பழைய கவிதையைச் சொல்லத் தொடங்குவார்கள். உடனே அழுகை. சும்மா விம்மலில்லை, பந்தியில் இருந்து, நல்ல பசியோடு, இன்னும் கொஞ்சம் போடு என்று கேட்டு வாங்கி அழுகிற அழுகை. அழுது முடித்த கையோடு யாரோ கைதட்டத் தொடங்க, எல்லோரும் எழும்பி ஆடுவார்கள். எங்கள் ஆட்கள் அழுதால் அழுவார்கள், சிரித்தால் சிரிப்பார்கள். இவர்கள் இரண்டையும் ஒரே கோப்பையில் கலக்கிக் குடிப்பவர்கள். ஒருமுறை ஐந்தாம் மாடிச் சுவிஸ்காரர் சத்தம் தாங்காமல் பொலிஸைக் கூப்பிட்டார். வந்த பொலிஸ்காரர் இரண்டு பேரும் உள்ளே போய், வெகுநேரத்துக்குப் பிறகு பிஸ்தா ஒட்டிய மீசையும் சிவந்த கண்ணுமாக வெளியே வந்தார்கள். அதற்குப் பிறகு யாரும் முறைப்பாடு செய்யவில்லை.

மதாமிடம் இரண்டு விசித்திரம். முதலாவது வயது.

வந்த புதிதில் நான் கேட்டேன். கேட்கக்கூடாதுதான், கேட்டுவிட்டேன். "ஐம்பத்து நான்கு" என்றார். அடுத்த வருஷம் மறந்துபோனது போலத் திரும்பவும் கேட்டேன். ஐம்பத்து நான்கு. அதற்கடுத்த வருஷமும் ஐம்பத்து நான்கு. என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். விளக்கம் சொன்னார். அவர் பேசுவது தேன்போன்ற பிரெஞ்சு; என் வாயில் வரும்போது அது இப்படித்தான் வரும்.

"எங்கள் வருஷம் உங்கள் கலண்டரைப் போல நடுச்சாமத்தில் பிறப்பதில்லை, மதாம் தில்லை. சூரியன் பூமத்தியரேகையைத் தாண்டும் அந்த நொடியில் பிறக்கும். மேசையில் ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்து, அதில் ஒரு ஆரஞ்சை, தோடம்பழத்தை, மிதக்க விடுவோம். உலகம் பழைய வருஷத்திலிருந்து புது வருஷத்துக்குள் போகும்போது பழம் தானாகத் திரும்பும். எங்கள் முற்றத்து மரத்துப் பழம் ஒவ்வொரு வருஷமும் திரும்பியது. நான் கண்ணால் கண்டேன். இங்கே வந்தபிறகு கடையில் வாங்கிய ஸ்பெயின் தோடம்பழத்தைப் போட்டுப் பார்க்கிறோம். அசையவே மாட்டேன் என்கிறது. ஸ்பெயின்காரப் பழத்துக்கு எங்கள் வருஷம் எப்படித் தெரியும்?"

"அப்ப?"

"அப்போது என்ன? வருஷம் திரும்பவில்லை. எனக்கு ஐம்பத்து நான்கு."

வீட்டுக்குப் போய் இராஜசிங்கத்திடம் சொன்னேன்: "வயசைக் குறைக்கிறதுக்குப் பொம்பிளையள் பவுடர் பூசிப் பாத்திருக்கிறன், மை பூசிப் பாத்திருக்கிறன். சூரியனையே பிடிச்சு நிப்பாட்டினவளை இப்பதானப்பா காணுறன்."

இரண்டாவது விசித்திரம் சப்பாத்து. ஜெனீவாக் குளிரில் எல்லோரும் ரோமம் வைத்த பூட்ஸ் போட்டுத் திரிய, மதாம் மட்டும் வார் வைத்த மெல்லிய சப்பாத்தோடு, பனி பெய்தால் அதற்குமேல் கடைப் பையைக் கட்டிக்கொண்டு போவார். படியில் பூனை மாதிரி ஏறி இறங்குவார். துடைத்த ஈரத்தில்கூட அடையாளம் விழாது. "பூட்ஸ் ஒன்று வாங்கலாமே, மதாம்?" என்றால், "இன்னொரு குளிர்காலத்துக்கு நாங்கள் இங்கே இருக்கப்போவதில்லையே" என்பார். வருஷா வருஷம் அதே பதில். வயதைப் போலவே.

நான் சிரித்தேன்தான். ஆனால் எங்கள் வீட்டிலும் விருந்தாளிகள் கவிழ்த்த பால்பெட்டிகளின்மேல்தான் இருப்பார்கள். "அடுத்த வருசம் போறம், பிறகேன் சோபா?" என்பது இராஜசிங்கத்தின் கட்சி. அதை விடுங்கள், கதைக்கு வருகிறேன்.

மதாம் நாட்டை விட்டு வந்தபோது நகையைக் கொண்டுவரவில்லை, கம்பளத்தைக் கொண்டுவரவில்லை. தொப்பிப் பெட்டி ஒன்றுக்குள் முற்றத்து மரத்துக் கன்று ஒன்றைக் கொண்டுவந்தார். கசப்புத் தோடை, எங்கள் நாரத்தைக்கு ஒன்றுவிட்ட சகோதரம். வீட்டுக்குள் வெயில் இல்லையென்று இரண்டாம் மாடிப் படிவளைவில், யன்னலுக்கும் சூடேற்றிக்கும் நடுவே வைத்திருந்தார். அது இருந்தது, அவ்வளவுதான். பூக்கவுமில்லை, காய்க்கவுமில்லை, சாகவுமில்லை. அதிலிருந்து விழும் இலையைப் பொறுக்குவது என் தலையெழுத்து.

அந்த வருஷம் அது காய்த்தது. ஒரே ஒரு காய். மார்கழியில் பச்சை, தையில் மஞ்சள், மாசி கடைசியில் ஒரு சின்னச் சூரியன். வெள்ளிக்கிழமைக் கூட்டம் முழுவதும் படிவளைவில் வரிசையாக நின்று அதை முகர்ந்து பார்த்தது. ஒரு முன்னாள் தளபதி அதற்கு சல்யூட் அடித்ததை நான் பார்த்தேன். மதாம் கண்ட கண்ட எல்லோரிடமும் சொல்லித் திரிந்தார்: "இந்த முறை எங்கள் பழம். இந்த முறை வருஷம் திரும்பும். எல்லோரும் வாருங்கள், கட்டடம் முழுவதும் வாருங்கள்!" வருஷப்பிறப்பு ஞாயிற்றுக்கிழமை காலையில் என்று கணித்திருந்தார்கள்.

அந்த ஞாயிறுக்கு முந்தின வெள்ளி காலை. நான் இரண்டாம் மாடிப் படிவளைவைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மேலிருந்து செல்வராணி இறங்கி வந்தாள். மூன்றாம் மாடித் தவச்செல்வனின் மனுசி. ஊரிலிருந்து வந்து ஒரு வருஷம் ஆகவில்லை. நாலு மாசப் பிள்ளைத்தாச்சி. சோறு கண்டால் சத்தி, புளி கண்டால் உயிர். கடைப் போத்தலில் வரும் வெள்ளரிப்பிஞ்சு ஊறுகாயில் பிஞ்சைத் தின்று, தண்ணீரையும் குடிக்கிறாள் என்று தவச்செல்வன் முறையிட்டிருந்தான். அவள் ஒவ்வொரு நாளும் அந்தப் பழத்தை எப்படிப் பார்த்துக்கொண்டு போனாள் என்பதையும் நான் கவனித்துத்தான் இருந்தேன்.

அதே நேரம் மதாம் கதவைத் திறந்துகொண்டு வந்தார், பழத்துக்குக் காலை வணக்கம் சொல்ல.

செல்வராணிக்குத் தெரிந்த பிரெஞ்சு ஒரு கைப்பிடி. அதில் ஒன்றை எடுத்து விட்டாள். "நல்ல வடிவு, மதாம்."

மதாம் நெஞ்சில் கை வைத்தார். "உங்களுடையது. உங்களுக்குத் தகுதியான பொருளில்லை, ஆனாலும் உங்களுடையது."

"ஐயோ, வேண்டாம் மதாம்."

"என் உயிரே, எடுங்கள்."

"வேண்டாம், மதாம்." சொல்லும்போது தொண்டையில் எச்சில் இறங்கியது எனக்குத் தெரிந்தது.

"எடுக்காவிட்டால் என் மனம் நோகும்."

"வேண்டாம்..." இது மூன்றாவது. அந்த வேண்டாமில் பலமே இல்லை.

"என் தலைமேல் ஆணை. இது உங்களுக்காகவே காய்த்தது!"

செல்வராணி என் பக்கம் திரும்பினாள். "பெரியாக்கள் இவ்வளவு சொல்லேக்க பிள்ளைத்தாச்சி தட்டக்கூடாதெல்லோ, அக்கா" என்றாள். என் வாய் திறப்பதற்குள் டக்கென்று ஒரு சத்தம். பழம் அவள் கையில். கிளை மேலே எகிறி ஆடியது.

மதாமின் சிரிப்பு மாறவேயில்லை. சுவரில் மாட்டிய படத்துச் சிரிப்பு மாதிரி அப்படியே நின்றது. "உயிருக்கு இனிக்கட்டும்" என்றார். குனிந்து வணங்கினார். உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். செல்வராணி சந்தோஷத்தில் இரண்டிரண்டு படியாக மேலே ஓடினாள்.

பிறகு கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. வெள்ளிக்கிழமைதான், ஆனால் இது வெள்ளிக்கிழமை அழுகையில்லை. ஆட்கள் யாரும் இல்லாமல், கவிதை இல்லாமல், தேநீர் இல்லாமல், தனியே.

ஹோமாயூன் வீட்டுச் செருப்போடு வெளியே வந்தார். மொட்டை மரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அவதானே குடுத்தவ!" என்றேன். "நான் இஞ்சதான் நிண்டனான். என் தலைமேல் ஆணை எண்டெல்லாம் சொன்னவ."

"சொல்வோம், மதாம் தில்லை. அது தாரோஃப். எங்கள் மரியாதை. ஒருவர் ஒன்றை அழகு என்றால், உங்களுடையது என்போம். அவர் வேண்டாம் என்பார். நாங்கள் எடு என்போம். அவர் வேண்டாம் என்பார். இரண்டு பக்கமும் களைத்த பிறகு, அவரவர் பொருள் அவரவரிடமே இருக்கும். எல்லோருக்கும் மனம் நிறையும். இதுதான் நாகரிகம்."

"அப்ப ஒருத்தர் உண்மையாவே எடுத்திட்டால்?"

முன்னாள் நீதவான் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். "மூவாயிரம் வருஷத்தில் ஒருவரும் எடுக்கவில்லை" என்றார்.

எங்களிடமும் இது இல்லாமலில்லை. அடுப்படியில் பானையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, வாசலில் நின்று "சாப்பிட்டிட்டுப் போங்கோவன்" என்று சொல்லாத யாழ்ப்பாணத்து வீடு எது? ஆனால் வந்தவர் சரியென்று இருந்துவிட்டால் மறுபடியும் உலை வைப்போம். வாழ்நாள் முழுவதும் அவரைத் திட்டுவோம். கதவைச் சாத்திக்கொண்டு அழமாட்டோம்.

"நான் போய் வாங்கிக்கொண்டு வாறன்" என்று கிளம்பினேன். ஹோமாயூன் என் துடைப்பத்தடியைப் பிடித்து நிறுத்தினார்.

"வேண்டவே வேண்டாம்! கொடுத்ததைத் திருப்பி வாங்கியவள் என்ற பெயரோடு என் அக்கா ஒரு நாள் உயிர் வாழமாட்டாள்."

"பழம் இல்லாமல்?"

"பழம் இல்லாமல்..." என்று தொடங்கியவர் கதவுக்குப் பின்னால் கேட்கும் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டார். "பழம் இல்லாமல் அவள் இன்னும் ஐம்பத்து நான்கில்தான் இருப்பாள். அதில் அவள் தனியாக இருக்கிறாள், மதாம் தில்லை. நாங்கள் எல்லோரும் கிழடாகிவிட்டோம்."

வாளியை அங்கேயே விட்டுவிட்டு மூன்றாம் மாடிக்கு ஓடினேன்.

பிந்திவிட்டேன். செல்வராணி குசினியில் நின்றாள். பழம் ஒருபக்கத் தோல் மட்டும் அறாமல் நடுவாலே பிளந்து, இரண்டு பாதியிலும் உப்பும் மிளகாய்த்தூளும் தாராளமாகத் தூவி, ஒரு பாதியில் பெரிய கடி ஒன்று. அவளுடைய முகம் பிழிந்த துணி மாதிரி இருந்தது.

"கசக்குதக்கா! வேப்பெண்ணெய் தோத்துப்போகும்!"

"அடி விசரி! அவவின்ர வருசத்தையெல்லோ கடிச்சுப்போட்டாய்!"

"என்னது?"

உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். கண் பெரிதாகிக்கொண்டே போனது. பிறகு உதடு கோணியது.

"நான் மூண்டுதரம் வேண்டாமெண்டனான். நீங்களும் பாத்தனீங்கள்தானே?"

"பாத்தனான். அவையளின்ர கணக்கில மூண்டு காணாதாம்."

"பிள்ளைக்குப் பழி வந்திடுமோ அக்கா?" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினாள். கீழே ஒரு அழுகை, மேலே ஒரு அழுகை. நடுவில் என் வாளித் தண்ணீர் ஆறிக்கொண்டிருந்தது.

தவச்செல்வன் மத்தியானம் வேலை முடிந்து வந்தான். அவன் ஏரிக்கரைப் பெரிய ஹோட்டலில் துணியறையில் வேலை செய்கிறவன்; கிழிந்த விரிப்பு, தலையணை உறை எல்லாம் தைக்கிறவன். இரண்டு பாதியையும் கையில் எடுத்துப் பொருத்திப் பார்த்தான். நாங்கள் இருவரும் செத்தவீட்டில் நிற்பதுபோல் நின்றோம்.

"இவ்வளவுதானே?" என்றான். "தைச்சு விடுவம்."

"விசர்க்கதை கதையாதையுங்கோ" என்றாள் செல்வராணி மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"ஏனப்பா, தோல்தானே? நான் மெத்தையே தைக்கிறன்."

உப்பையும் தூளையும் தட்டிவிட்டான். கழுவினால் சாறு போய்விடும் என்று கழுவவில்லை. கடித்த பள்ளத்துக்குள் பஞ்சை உருட்டி அடைத்தான். சட்டைப்பையில் இருந்த ஊசியை எடுத்தான். நூல்தான் நீலம், ஹோட்டல் பெயர் தைக்கிற நூல். தோடம்பழ நிறத்தில் நூல் வாங்க நான் கடைக்குப் போவதற்குள் பாதி தைத்துவிட்டான். சும்மா சொல்லக்கூடாது, அழகான தையல். சின்னச் சின்னதாக, ஒரே அளவாக, பழத்தைச் சுற்றி ஒரு அரை வட்டம். தையல் பக்கத்தைக் கீழே வைத்தால் ராசாத்தி மாதிரி இருந்தது. தயிருக்கும் முட்டைக்கும் நடுவே பிரிட்ஜில் வைத்தோம்.

இனி அதைத் திருப்பிக் கொடுக்காமல் கொடுக்க வேண்டும். வழி நான்தான் சொன்னேன். "நல்ல நாளில ஒரு வீட்டுக்கு வெறுங்கையோட போறதோ? தட்டு வைச்சுக்கொண்டு போவம். தட்டில பழமிருக்கும். நாங்கள் ஒண்டையும் திருப்பிக் குடுக்கேல்லை. வருசத்துக்குத் தட்டுக் குடுக்கிறம்."

சனிக்கிழமை முழுவதும் செல்வராணிக்குப் பாடம் நடந்தது.

"வேண்டாமெண்டுவா. நீ விடக்கூடாது."

"எத்தினைதரம்?"

"அவ களைக்குமட்டும்."

"நான் முந்திக் களைச்சால்?"

"மயங்கி விழு. பிள்ளைத்தாச்சிதானே, ஆரும் ஒண்டும் சொல்லாயினம்."

ஞாயிற்றுக்கிழமை கூறைச்சேலை கட்டி, பொட்டு வைத்து, வெள்ளித் தட்டில் வாழைப்பழமும் பூவும் குங்குமமும் அந்த நீலத்தையல் ராசாத்தியுமாக இறங்கிப் போனோம். 'கட்டடம் முழுவதும் வாருங்கள்' என்றாரே, அதுவும் தாரோஃபோ என்று நான் விசாரிக்கவில்லை. இராஜசிங்கமும் வந்தார், ஊர்ப்புதினம் பிடிக்காத மனுஷன்.

வீட்டுக்குள் கால் வைக்க இடமில்லை. மேசையில் பூண்டு, வினாகிரி, முளைப்பயிர், கண்ணாடி, மெழுகுதிரி என்று என்னென்னவோ பரப்பியிருந்தது. நடுவில் கண்ணாடிக் கிண்ணம். அதில் ஸ்பெயின்காரப் பழம், வாடகைக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி சும்மா மிதந்தது. மதாம் பட்டுச் சட்டையும் அதே மெல்லிய சப்பாத்துமாக, பவுடருக்கு மேலால் வீங்கிய கண்ணோடு நின்றார். பழம் எங்கே என்று கேட்டவர்களுக்கெல்லாம், "ஒரு கர்ப்பிணி ஆசைப்பட்டாள், மகிழ்ச்சியோடு கொடுத்தேன்" என்று சொல்லியிருந்தார். அவர்கள் அவரைப் புகழ்ந்துவிட்டு ஒவ்வொருவராகக் குளியலறைக்குப் போய் அழுதுவிட்டு வந்திருந்தார்கள். தளபதிதான் அதிகநேரம் எடுத்தாராம்.

செல்வராணி தட்டை நீட்டினாள். மதாம் தட்டைப் பார்த்தார். பழத்தைப் பார்த்தார். கை தானாக முன்னே வந்து, பாதி வழியில் நின்று, நெஞ்சுக்குத் திரும்பிப் போனது.

"முடியாது. அது உங்களுடையது."

"இல்லை மதாம், உங்களுக்கு."

"என்னால் முடியவே முடியாது."

"எடுங்கோ மதாம்."

"நான் அதற்குத் தகுதியில்லாதவள்."

தட்டு முன்னே போவதும் பின்னே வருவதுமாக இருந்தது. குங்குமம் கொட்டுண்டது. ஒரு வாழைப்பழம் விழுந்து தளபதியின் காலடிக்கு உருண்டது. பாரசீகக்காரர் எல்லோரும் ரசிகர்கள்போலத் தலையாட்டிக்கொண்டு பார்த்தார்கள். நல்ல தாரோஃப் அவர்களுக்கு நல்ல கச்சேரி மாதிரி. ஹோமாயூன் மட்டும் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துத் தவித்தார்.

"அக்கா, விழட்டோ?" என்றாள் செல்வராணி தமிழில், மூச்சு வாங்கிக்கொண்டு.

"பொறு, பொறு."

அவள் விழவில்லை. தட்டை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மற்றக் கையை வயிற்றில் வைத்தாள். தனக்குத் தெரிந்த கைப்பிடி பிரெஞ்சுக்குள் துழாவி, ஒரு வசனம் கட்டினாள். நான் சொல்லிக்கொடுத்த வசனமில்லை.

"நான் இல்லை, மதாம். பிள்ளை தருது."

கச்சேரி நின்றது. அதற்கு எதிர்வார்த்தை மூவாயிரம் வருஷத்து நாகரிகத்திலும் இல்லைப்போல. மதாம் ஒரு அடி முன்னே வந்தார். இரண்டு கையாலும் பழத்தை எடுத்தார். கண்ணீர் கண்ணை மறைத்ததால் அடியில் என்ன இருக்கிறதென்று பார்க்கவில்லை. ஸ்பெயின்காரப் பழத்தைத் தூக்கித் தம்பியின் கையில் கொடுத்துவிட்டு, தன் பழத்தைத் தண்ணீரில் வைத்தார். தையல் கீழே. மிதந்தது. தவச்செல்வன் என்னைப் பார்த்தான். நான் யன்னலைப் பார்த்தேன்.

வானொலியில் யாரோ நீட்டி நீட்டிப் பேசினார்கள். பிறகு முரசும் ஊதுகுழலும் வெடித்தன. வருஷம் பிறந்துவிட்டது.

பழம் அசையவில்லை.

எல்லோரும் கிண்ணத்தின்மேல் கவிழ்ந்து நின்றார்கள். நான் இன்னும் கிட்டப் போக, இராஜசிங்கம் என் முந்தானையைப் பிடித்து இழுத்தார். யாரோ வாழ்த்துச் சொல்லத் தொடங்க, மதாம் ஒரு விரலை உயர்த்தினார். தலைமையாசிரியை விரல். அறை அடங்கியது.

"வானொலி சில நேரம் முந்தும்" என்றார் ஹோமாயூன். யாரும் நம்பவில்லை. மதாமின் விரல் மட்டும் மெதுவாக இறங்கத் தொடங்கியது.

அப்போதுதான் பழம் ஒருமுறை நடுங்கியது. நித்திரையில் இருக்கிற ஆள் போர்வைக்குள் ஒருபக்கம் சாய்வதுபோலச் சாய்ந்தது. நின்றது. பிறகு மெல்ல, மெல்ல, மனமில்லாத மாதிரி, முழுதாக ஒரு புரளல் புரண்டது.

கூரை பறந்தது என்றே சொல்லவேண்டும். அப்படி ஒரு கூக்குரல். தளபதி ஸ்பெயின்காரப் பழத்தைப் பறித்து மேலே எறிந்தார். இராஜசிங்கம் யாரென்றே தெரியாத ஒரு கிழவரைக் கட்டிப்பிடித்தார்.

கூக்குரல் பாதியில் அறுந்தது. புரண்ட பழத்தின் மேலே, எல்லோரும் பார்க்க, நீல நூலில் ஒரே அளவான தையல் பளிச்சென்று தெரிந்தது. தையலிடுக்கால் மிளகாய்த்தூள் ஒரு சிவப்பு இழையாகத் தண்ணீருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. தையலுக்கு எதிர்ப்பக்கத்துப் பள்ளத்தில் அடைத்த பஞ்சு தண்ணீரைக் குடித்துக் கனத்திருக்கிறது; அதுதான் விஷயம். அதைத் தவச்செல்வன் எனக்குப் பிறகு சொன்னான். அந்த நேரத்தில் அவன் முகட்டில் ஏதோ முக்கியமானதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மதாம் மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டார். தையலைப் பார்த்தார். தவச்செல்வனைப் பார்த்தார். கன்னத்தில் கண்ணீர் ஓட நின்ற செல்வராணியைப் பார்த்தார். விரலைத் தண்ணீரில் தொட்டு நாக்கில் வைத்தார்.

"மிளகாய்" என்றார்.

செல்வராணி தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"உங்கள் நாட்டில் இதற்கு மிளகாயா போடுவார்கள்?"

"உப்பும், மதாம்" என்றாள் செல்வராணி விம்மிக்கொண்டு.

மதாம் சிரிக்கத் தொடங்கினார். முதலில் தோள் குலுங்கியது, பிறகு மேசை குலுங்கியது, மெழுகுதிரி ஒன்று அணைந்தது. அறை முழுவதும் தொற்றிக்கொண்டது. ஹோமாயூன் ஒரு கதிரையில் ஏறி நின்று, முன்னாள் நீதவான் குரலில் கேட்டார்: "பழம் திரும்பியதா?"

"திரும்பியது!" என்றது சபை.

"எதனால் திரும்பியது என்ற கேள்வியை இந்த நீதிமன்றம் விசாரிக்காது!"

சிரித்துச் சிரித்தே மதாம் ஒரு கதிரையில் போய் இருந்தார். கண்ணைத் துடைத்தார். விரலை மடக்கி எதையோ கணக்கிட்டார்.

"ஹோமாயூன், எனக்கு அறுபத்து மூன்று வயது."

"ஓம், அக்கா."

"அம்மா போய் ஆறு வருஷமா?"

ஹோமாயூன் கதிரையிலிருந்து இறங்கினார். "ஏழு."

"ஏழு" என்றார் மதாம். தலையை ஆட்டினார். பக்கத்தில் இருந்த பெண் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். யாரும் கவிதை சொல்லவில்லை. நல்லவேளை, நான்கூட வாயைத் திறக்கவில்லை.

பிறகு அவரே எழும்பினார். "என்ன எல்லோரும் நிற்கிறீர்கள்? கர்ப்பிணி நிற்கிறாள், கதிரை கொடுங்கள்! தேநீர் எங்கே?" யாரோ கசெட்டைப் போட்டார்கள். அன்றைக்கு இராஜசிங்கம் ஆடினார். கலியாணம் முடித்த நாளிலிருந்து நான் காணாத காட்சி. தோளை ஒருபக்கமாகக் குலுக்கி, வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு. ஐந்தாம் மாடிச் சுவிஸ்காரர் சத்தத்துக்கு இறங்கி வந்து, ஒரு தட்டு இனிப்போடு மூலையில் இருந்தார். எடுக்கச் சொன்னதும் எடுத்தாராம், முதல் தரத்திலேயே. "சுவிஸ்காரருக்கு மரியாதையே தெரியாது" என்று மதாம் என் காதுக்குள் சொன்னார்.

பழத்தில் பஞ்சு நனைந்த விஷயத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. கொன்சியேர்ஜ் கிழவியிடமும் மூன்றாம் மாடி இத்தாலியக்காரியிடமும் மட்டும்தான் சொன்னேன். இப்போது உங்களிடம்.

ஒரு கிழமை கழித்து மதாம் என் கதவைத் தட்டினார். கடைக்குத் துணைக்கு வரமுடியுமா என்றார். போனோம். வெளியே நல்ல வெயில், மரமெல்லாம் மொட்டு. கடைப்பெண் கோடைச் சப்பாத்துகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். மதாம் அவற்றைத் தாண்டிப் போய், மூலையில் மலிவு விற்பனைக்குக் குவித்திருந்த பூட்ஸ் குவியலுக்கு முன்னால் நின்றார்.

"பூட்ஸா, மதாம்? குளிர் முடிந்துவிட்டதே" என்றாள் கடைப்பெண்.

"அடுத்த குளிருக்கு" என்றார் மதாம்.

உள்ளே ரோமம் வைத்த, பெரிய, வடிவில்லாத பூட்ஸ். பெட்டியில் போடவேண்டாம் என்று காலிலேயே போட்டுக்கொண்டு வெயிலுக்குள் நடந்து வந்தார். ட்ராமில் எல்லோரும் பார்த்தார்கள். நான் பார்க்காதமாதிரி இருந்தேன். கட்டடத்துக்கு வந்து, காலையில் நான் துடைத்து இன்னும் ஈரம் காயாத படியில் தொம் தொம்மென்று ஏறினார். ஒவ்வொரு படியிலும் பூட்ஸ் அடி அச்சுக் குத்தினதுபோல விழுந்தது.

"மன்னிக்க வேண்டும், மதாம் தில்லை, நானே துடைக்கிறேன்" என்றார் மேலே நின்று, நெஞ்சில் கை வைத்து.

"வேண்டாம், மதாம்" என்றேன்.

"என் உயிரே, துடைப்பத்தைத் தாருங்கள்."

"வேண்டவே வேண்டாம்."

எனக்கு இப்போது பழகிவிட்டது. களைக்குமட்டும் சொன்னோம். பிறகு நான்தான் துடைத்தேன்.

வீட்டுக்குப் போனபோது இராஜசிங்கம் பால்பெட்டியில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். "என்ன புதினம்?" என்றார்.

"மதாம் பூட்ஸ் வாங்கிட்டா."

தேத்தண்ணி முடிந்தது. கோப்பையை நிலத்தில் வைத்தார். இருந்த பெட்டியைக் குனிந்து ஒருதரம் பார்த்தார், அன்றைக்குத்தான் முதன்முதலாகக் காண்கிறவர்போல.

"இஞ்சரும்" என்றார். "உந்தச் சோபாவுகளும் இப்ப மலிவு விற்பனையில போகுதாமோ?"